விபத்தில் உடைந்த மெஷின், விபத்துக்குப் பிறகு வாங்கும் கால்: இன்ஷூரன்ஸ் எதற்குக் கொடுக்கும்?

கேள்வி: ஈரோட்டிலிருந்து ஒருவர், 9 ஜூன் 2025

மார்ச் 22ஆம் தேதி பரமத்தி வேலூர் தாண்டி ஓரமாக நிறுத்தியிருந்த எங்கள் காரில் பின்னால் வந்த சரக்கு வேன் மோதியது. அப்பாவுக்கு 68 வயது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். நுரையீரல் பிரச்சினை இருப்பதால் எங்கே போனாலும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மெஷினை டிக்கியில் வைத்துக்கொண்டுதான் போவோம். அது நசுங்கிவிட்டது, மடக்கு வீல்சேரும் வளைந்துவிட்டது. என் கார் இன்ஷூரன்ஸில் கேட்டால் வண்டிக்கு மட்டும்தான் என்கிறார்கள். ஹெல்த் இன்ஷூரன்ஸில் வாக்கர், முழங்கால் பிரேஸ் எல்லாவற்றையும் கழித்துவிட்டார்கள். மெஷினுக்கான பணத்தை யாரிடம் கேட்பது? கேட்கவே வழியில்லையா?

9 ஜூன், இரவு 9.40

வழி இருக்கிறது. உங்கள் இன்ஷூரன்ஸை விடுங்கள், இடித்த வேனின் இன்ஷூரன்ஸைப் பிடியுங்கள்.

உங்கள் கார் பாலிசி காருக்கும் காரில் பொருத்திய சாமான்களுக்கும்தான். டிக்கியில் வைத்த பொருள் அதில் வராது. சொந்தப் பொருள் இழப்புக்கு என்று தனியாக ஒரு ஆட்-ஆன் (கூடுதல் கவர்) உண்டு, எடுத்திருந்தால் உங்கள் பாலிசித் தாளிலேயே தெரியும். எடுத்திருக்காவிட்டால் அந்தக் கதவு மூடியது.

வேனுக்கு இருக்கும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இரண்டுக்கும் பொறுப்பு. ஒன்று உங்கள் அப்பாவின் உடம்புக்கு. இன்னொன்று உங்கள் பொருளுக்கு. பொருள் சேதத்துக்கு வேன், கார் மாதிரி வண்டிகளில் ஏழரை லட்சம் வரைக்கும், டூவீலரில் ஒரு லட்சம் வரைக்கும் கவர் உண்டு. மெஷினும் வீல்சேரும் இதில் வரும்.

முக்கியமாக, உடைந்த மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். வாங்கிய பில் இல்லையென்றால் கடைக்காரரிடம் நகல் கேளுங்கள், ஜி.எஸ்.டி. பில் போட்டிருந்தால் அவர்கள் கணக்கில் இருக்கும். மெஷினின் சர்வீஸ் சென்டரில் ‘பழுது பார்த்தால் இவ்வளவு’ அல்லது ‘பழுது பார்க்க முடியாது’ என்று லெட்டர் பேடில் எழுதி வாங்குங்கள். இப்போது வாடகைக்கு மெஷின் எடுத்திருந்தால் அந்த வாடகைக்கும் மாதாமாதம் ரசீது வாங்குங்கள்.

10 ஜூன், காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஏழரை லட்சம் என்று சும்மா சொல்லிவிட்டேன். வண்டிக்காரர் பிரீமியத்தைக் கொஞ்சம் குறைக்க விரும்பினால் பொருள் சேதக் கவரை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ள முடியும். நிறையப் பேர் ஏஜெண்ட் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டு, அப்படிக் குறைத்தது தெரியாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேனின் பாலிசி நகலை வாங்கி அந்த வரியைப் பாருங்கள். 6,000 என்று இருந்தால் மிச்சத்தை வண்டி ஓனரிடம்தான் கேட்க வேண்டிவரும். அதனால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவில் ஓனரையும் கட்டாயம் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனியை மட்டும் போட்டால் போதாது.

நான் வக்கீல் இல்லை. நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்த காரணம் என் தம்பி. அவன் கதையை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

12 ஜூன்

தம்பி லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். 2018 மே மாதம், அவனுக்கு 27 வயது, பைக்கில் வந்தவனை ஒரு கார் தவறான பக்கத்தில் வந்து அடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. 

முதல் செயற்கைக் கால் சென்னை கே.கே. நகரில் இருக்கும் அரசுப் புனர்வாழ்வு மருத்துவமனையில் இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். அங்கே அவனுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தவர்களை எங்கள் வீட்டில் இன்றைக்கும் நன்றியோடு பேசுவோம். ஆனால் வெல்டிங் வேலைக்கு நாள் முழுக்க நிற்க வேண்டும், ஏணி ஏற வேண்டும், குத்துக்கால் போட்டு உட்கார வேண்டும். அதற்குத் தாக்குப்பிடிக்கிற மாதிரி 2019இல் கோயம்புத்தூரில் தனியாரிடம் 1,85,000 ரூபாய்க்கு ஒன்று செய்தோம். அம்மாவின் வளையல் நான்கும் அப்போது போனவைதான்.

கேஸ் போட்டது விபத்து நடந்து ஒன்றரை வருஷம் கழித்து. அவசரப்படத் தேவையில்லை, முதலில் உடம்பைத் தேற்றுங்கள். 2021 செப்டம்பரில் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், இரண்டு பக்கமும் பேசி முடித்தார்கள். மொத்தம் 16,50,000. அதில் செயற்கைக் காலுக்கு என்று பேசியது 2,00,000. வாங்கிய பில் 1,85,000தானே, அதற்கு மேலேயே கொடுக்கிறார்களே என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம். நானும்தான். பில்லைச் சரிபார்த்துச் சரிபார்த்து அடுக்கிக் கொடுத்தவளே நான்தான்.

செயற்கைக் கால் ஒரு தடவை வாங்கி முடிகிற பொருள் இல்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாருமே சொல்லவில்லை. எங்கள் பக்கம் இருந்தவர்களும் சொல்லவில்லை, எதிர்ப் பக்கம் இருந்தவர்களும் சொல்லவில்லை.

12 ஜூன், இரவு

மேலே எழுதியதை முடிக்காமல் படுக்க முடியவில்லை.

கால் எப்படித் தேய்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் தம்பி திண்ணையில் உட்கார்ந்து காலைக் கழற்றுவான். உள்ளே சிலிக்கான் உறை ஒன்று இருக்கும், லைனர் என்பார்கள். அதை உருட்டிக் கழற்றினால் ஒரு டம்ளர் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி வியர்வை கொட்டும், நாமக்கல் வெயில் அப்படி. லைனரைக் குழந்தை சோப்புப் போட்டு அலசிக் கொசுவலைக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுவான். தினமும் அலசி அலசி விளிம்பு கிழியும். வெட்டிய காலின் சதை வருஷாவருஷம் சுருங்கும். சுருங்கச் சுருங்க சாக்கெட், அதாவது வெட்டிய கால் உள்ளே நுழையும் கூடு, லூசாகும். முதலில் ஒரு துணிச் சாக்ஸ் கூடுதலாகப் போட்டான், அப்புறம் இரண்டு, அப்புறம் தடியானது ஒன்று. மூன்றாவது வருஷம் எத்தனை சாக்ஸ் போட்டும் கால் உள்ளே ஆடியது. எலும்பு முனையில் தோல் உரிந்து சிவந்து நிற்கும். சாக்கெட் மட்டும் புதிதாகப் போட 35,000. பாதம் 2023 ஆரம்பத்தில் மாற்றினோம். இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் போய் நின்றால் ‘கேஸ் முடிந்துவிட்டது அம்மா’ என்ற ஒரே பதில்தான்.

அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

15 ஜூன்

ஹெல்த் இன்ஷூரன்ஸில் கழித்தது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, கவர் கிடையாது என்ற பட்டியல், 68 பொருள். வாக்கர், ஊன்றுகோல் மாதிரி நடக்க உதவும் சாமான்கள், முழங்கால் பிரேஸ், கழுத்துப் பட்டை, இடுப்பு பெல்ட், நெபுலைசர் கிட், தண்ணீர்ப் படுக்கை, காற்றுப் படுக்கை, ஆஸ்பத்திரிக்கு வெளியே பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். விபத்தில் அடிபட்டவர் வீட்டுக்கு வந்ததும் எதெல்லாம் வாங்குவாரோ அதில் முக்கால்வாசி அந்தப் பட்டியலில்தான். அவர்களோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கழிவு விவரத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஹெல்த் இன்ஷூரன்ஸ் தராத ஒவ்வொரு ரூபாயையும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்க முடியும். அங்கே 68 பட்டியல் எல்லாம் கிடையாது. 2010இல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் காயம் பட்டவருக்கு என்னென்ன தலைப்பில் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது: ஆன சிகிச்சைச் செலவு, போக்குவரத்து, சத்தான சாப்பாடு, இழந்த வருமானம், இனிமேல் ஆகப்போகும் மருத்துவச் செலவு, வலி வேதனை. வாக்கரும் பிரேஸும் முதல் தலைப்பு. அப்பாவுக்குப் பின்னால் தேவைப்படப் போகிறவை, பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் உட்பட, ‘இனிமேல் ஆகப்போகும் செலவு’. இந்தத் தலைப்புக்குள்தான் எல்லாச் சாமர்த்தியமும் இருக்கிறது, எங்கள் மனுவில் இது ஒரே ஒரு வரியாக இருந்தது.

டாக்டர் சீட்டு முக்கியம். ‘வாக்கர் தேவை’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வார்த்தை இருந்தால் போதும். சீட்டு இல்லாத பில்லை நீங்களாக ஆசைப்பட்டு வாங்கியது என்பார்கள்.

16 ஜூன்

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர் (விபத்துக் காயப் பதிவு) காப்பி வாங்கினீர்களா? விபத்தன்று முதலில் சேர்த்த இடத்தில் போடுவார்கள். இல்லையென்றால் இப்போதே போய் வாங்குங்கள்.

21 ஜூன், தயவுசெய்து இதைப் படியுங்கள்

12ஆம் தேதி ‘அவசரப்படத் தேவையில்லை’ என்று எழுதியிருந்தேன். அது தப்பு. இதைப் படித்த சேலத்து வக்கீல் அண்ணன் ஒருவர் போன் பண்ணித் திட்டினார், திட்டியது நியாயம்தான்.

எங்கள் விபத்து 2018. அப்போது கால வரம்பு இல்லை. 2019இல் சட்டத்தைத் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். உங்களுக்கு மார்ச் 22 என்றால் செப்டம்பர் 22க்கு முன்னால். கடைசி வாரம் வரை வைத்துக்கொள்ளாதீர்கள், ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள். சிகிச்சை முடியவில்லையே, பில் எல்லாம் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். மனுவை நம்பர் வாங்கிவிட்டால் பில்லைப் பிறகு சேர்க்கலாம்.

இன்னொன்று. பரமத்தியில் விபத்து நடந்ததால் நாமக்கல்லில்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டிலேயே போடலாம். அப்பாவை அத்தனை தூரம் அலைக்கழிக்கத் தேவையில்லை.

12ஆம் தேதி வரியை நான் அழிக்கவில்லை. ஏற்கனவே படித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தால் இது கண்ணில் படட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

2 ஜூலை

கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: காது மெஷின், செயற்கைக் கால் மாதிரி உடம்பில் போட்டிருப்பது விபத்தில் உடைந்தால் அது பொருள் சேதமா, உடல் காயமா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உழவர் சந்தைக்கு வெளியே தம்பி ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், நான் உள்ளே கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் எடுத்த ஒரு ஷேர் ஆட்டோவின் சக்கரம் அவன் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாதே, அங்கே உணர்ச்சி ஏது? ஒரு அடி எடுத்து வைத்ததும் பாதம் பிளந்து அப்படியே சாய்ந்தான். கூட்டம் கூடிவிட்டது. ஒரு பாட்டி பாதம் திரும்பி இருந்ததைப் பார்த்துவிட்டு ஐயோ என்று கத்தியே விட்டார். தம்பிதான் தரையில் உட்கார்ந்தபடி, ‘பாட்டி, வலிக்கல, பயப்படாதீங்க’ என்று அவருக்குச் சமாதானம் சொன்னான்.

ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி: ‘ரத்தக் காயம் இருக்கா?’ இல்லை. ‘எங்கே அடி?’ கால் உடைஞ்சிருச்சு சார். எட்டிப் பார்த்துவிட்டு, ‘அது கட்டைக்கால்தானேம்மா’ என்றார். புகாருக்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதில் ‘காயம் ஏதும் இல்லை’ என்று எழுதினார்கள். அந்த வரியைப் படித்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். அடுத்த 23 நாள் அவன் பட்டறைக்குப் போகவில்லை, கழிவறைக்கு ஊன்றுகோலில் போனான், மறுபடியும் 2018க்கே போய்விட்ட மாதிரி வீட்டில் யாரும் பேசவில்லை. காயம் ஏதும் இல்லையாம்.

ஆட்டோ ஓனர் 8,000 கொடுத்தார், நாங்களும் அலைய முடியாமல் வாங்கிக்கொண்டோம். ஜனவரியில் பாதம் மாற்ற ஆனது 42,000. 12ஆம் தேதி எழுதிய ‘2023 பாதம்’ இதுதான், தானாகத் தேய்ந்து மாற்றியது என்று நினைக்க வேண்டாம்.

இப்போது பதிலுக்கு வருகிறேன். தீர்ப்பாயத்துக்கு உடல் காயத்தையும் விசாரிக்க அதிகாரம் உண்டு, மூன்றாம் நபரின் பொருள் சேதத்தையும் விசாரிக்க அதிகாரம் உண்டு. பொருள் சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் விருப்பப்பட்டவர் சிவில் கோர்ட்டுக்கும் போகலாம், போயே தீர வேண்டும் என்றில்லை. ஆகவே எந்தத் தலைப்பு என்ற குழப்பத்தில் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். உடைந்த கருவியின் விலையைக் கேளுங்கள், அது இல்லாமல் வீட்டில் கிடந்த நாட்களின் கூலியையும் தனியாகக் கேளுங்கள். என் தம்பியின் காலைப் ‘பொருள்’ என்று எழுத எனக்குக் கை வராது. ஆனால் மனுவில் எழுதித்தான் வாங்க வேண்டும் என்றால் எழுதத்தான் வேண்டும்.

6 ஜூலை

ஸ்கூட்டர் என்றதும் பக்கச் சக்கரம் வைத்ததா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஆமாம். அதற்கும் ஒரு விஷயம் இருக்கிறது. பக்கச் சக்கரம் பொருத்தினால் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும், அந்தச் சக்கரத்தின் விலையும் பாலிசியில் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் விட்டால் இடித்த பிறகு சக்கரத்துக்குப் பணம் வராது. மாற்றுத்திறனாளிக்காக மாற்றி அமைத்த வண்டிக்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி தரும் விதி ஒன்று மோட்டார் டாரிஃபிலேயே, அதாவது வண்டி இன்ஷூரன்ஸ் விதித் தொகுப்பிலேயே, இருக்கிறது, ஐ.எம்.டி. 12 என்பார்கள். எங்களுக்கு நான்கு வருஷம் யாரும் சொல்லவில்லை. நம்பர் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஏஜெண்ட் தேடினார்.

20 ஜூலை

‘அப்போ லோக் அதாலத்துக்கே போகக் கூடாதா அக்கா?’ என்று ஈரோட்டுத் தம்பி கேட்டிருக்கிறார். போன மாதம் கேட்டிருந்தால் போகவே கூடாது என்று கத்தியிருப்பேன். யோசித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 2021இல் எங்களுக்கு இருந்த கடனுக்கு அந்தப் பணம் அந்த மாதம் வராமல் போயிருந்தால் வீடு போயிருக்கும். வருஷக்கணக்கில் இழுக்காமல் முடித்தது பெரிய உபகாரம்.

லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது, இதைத்தான் உட்காரும் முன்பே புரிந்துகொள்ள வேண்டும். தீர்ப்பாயமே தீர்ப்புச் சொல்லியிருந்தால் 90 நாளுக்குள் ஹைகோர்ட்டில் அப்பீல் போயிருக்கலாம். கூடவே இன்னொன்று. இறுதித் தீர்ப்பு வந்த பிறகு ‘இப்போது கால் மாற்ற வேண்டியிருக்கிறது, கூடுதலாகக் கொடுங்கள்’ என்று திரும்பப் போக மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. 2002இலேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. அதனால்தான் வருங்காலச் செலவைத் தீர்ப்பு நாளிலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. மனுவில் கேட்டதைவிட அதிகமாகக் கூடக் கொடுக்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

2022 டிசம்பரில் வந்த தீர்ப்பு ஒன்றை நான் பிரிண்ட் எடுத்தே வைத்திருக்கிறேன். உத்தரப்பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து சம்பந்தப்பட்ட வழக்கு, காலை இழந்தவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். செயற்கைக் கால் விலை 2,60,000, ஆயுள் 5 முதல் 6 வருஷம், ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை பழுது பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் 15,000 முதல் 20,000 என்று கோர்ட்டே கணக்கை எடுத்து வைத்துப் பேசுகிறது. படித்தபோது யாரோ எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய் எழுதிய மாதிரி இருந்தது.

அன்றைக்கு ராத்திரி என் தம்பிக்கு அதே மாதிரி போட்டுப் பார்த்தேன். 27 வயதிலிருந்து 70 வரை 43 வருஷம். ஆறு வருஷத்துக்கு ஒன்று என்றாலும் ஏழு கால். 1,85,000 வீதம் 12,95,000. பழுதுக்கு வருஷம் 15,000 என்று குறைந்தபட்சமாக வைத்தாலும் 6,45,000. மொத்தம் 19,40,000. விலைவாசி ஏறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. இழந்த சம்பளம், வலி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து எங்களுக்கு வந்ததே 16,50,000. கால் கணக்கு மட்டும் அதைத் தாண்டுகிறது. வேலைக்காகப் பத்து வருஷமாக எத்தனையோ ஆயிரம் வவுச்சர் சரிபார்த்திருக்கிறேன், இந்த ஒரு கூட்டலை 2021இல் போட்டிருக்கவில்லை.

எனவே லோக் அதாலத்துக்குப் போங்கள், ஆனால் கையில் எஸ்டிமேட்டோடு போங்கள். கால் செய்கிறவர் கையெழுத்தோடு இன்றைய விலை, எத்தனை வருஷம் வரும், லைனர் எவ்வளவு, சாக்கெட் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தேவைப்பட்டால் அவரையே தீர்ப்பாயத்தில் சாட்சியாகக் கூப்பிடலாம். உங்கள் அப்பாவுக்கு எஸ்டிமேட் என்பது டாக்டரிடம்: பிளேட் எடுக்க எவ்வளவு, பிசியோதெரபி எத்தனை மாதம், வீல்சேர் இனி நிரந்தரமா என்று.

20 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது. ஊனச் சான்றிதழில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்பதோடு அது காலுக்கு மட்டுமான சதவீதமா, முழு உடம்புக்கா என்று பாருங்கள், இரண்டும் வேறு. 2010 தீர்ப்பில் ஒரு உதாரணம் இருக்கிறது: இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் கிட்டத்தட்ட முழு வருமானமும் போய்விடும், அரசு அலுவலகத்து கிளார்க்குக்கு வேலையே போகாமல் இருக்கலாம். வெல்டருக்குக் கால் என்றால் என்ன என்பதை எங்கள் பட்டறை முதலாளி சாட்சி சொல்ல வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் கூப்பிடவில்லை.

3 ஆகஸ்ட்

தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. இன்று தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனேன். செயற்கைப் பாதத்தை அவன் போடும் செருப்பின் குதிகால் உயரத்துக்கு ஏற்றபடிதான் பொருத்தியிருப்பார்கள். கோயிலில் செருப்பைக் கழற்றினால் குதிகால் கீழே போய், ஆள் பின்பக்கம் சாய்ந்த மாதிரி நடப்பான். பிரகாரம் முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். கால் செய்யும்போதே ‘வெறுங்காலோடும் நடக்க வேண்டும்’ என்று சொன்னால் குதிகால் உயரம் மாற்றிக்கொள்கிற பாதம் போடுவார்கள், விலை கூடுதல். எஸ்டிமேட் வாங்கும்போது இதையும் சொல்லி வாங்குங்கள். கோயிலுக்குப் போவது ஆடம்பரம் என்று யாராவது குறுக்கு விசாரணையில் கேட்டால், நம் ஊரில் வீட்டுக்குள்ளும் வெறுங்கால்தான் என்று சொல்லுங்கள்.

24 ஆகஸ்ட்

ஈரோட்டுத் தம்பி நேற்று மனு போட்டுவிட்டார், எம்.சி.ஓ.பி. நம்பர் (தீர்ப்பாய வழக்கு எண்) வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். செப்டம்பர் 22க்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. படித்ததும் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன்.

வேனின் பாலிசியில் பொருள் சேதம் ஏழரை லட்சம்தானாம், குறைக்கவில்லை. நல்லகாலம். மனுவில் நசுங்கிய கான்சென்ட்ரேட்டர் 46,000, வளைந்த வீல்சேர் 7,500, வாடகை மெஷினுக்கு மாதம் 5,000 வீதம் ரசீதுகள், ஹெல்த் இன்ஷூரன்ஸ் கழித்த வாக்கர், பிரேஸ், அப்புறம் பிளேட் எடுக்கும் ஆபரேஷனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கிறது. மனு நகலின் போட்டோ அனுப்பியிருந்தார், ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போச்சு தம்பி. மெஷின் வாங்கி மூன்று வருஷம் ஆயிற்று, அதனால் தேய்மானம் கழிப்போம் என்று எதிர்ப் பக்கம் கண்டிப்பாகச் சொல்வார்கள். கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள், ஆக்சிஜன் அளவு எவ்வளவு காட்டியது என்று சர்வீஸ் சென்டரில் பதிவு இருக்கும், அதையும் வாங்கி வையுங்கள். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிட ஆதாரம் இல்லை.

அந்த உடைந்த மெஷின் இன்னும் பரணில்தானே இருக்கிறது? உங்கள் அம்மா பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடப் போகிறார், மேலே ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.